டாமா, யூட்டாட்டா, இல்லை மார்க்கெட்டில் போய் உட்காருவதா?

போன வாரம் ஒரு தங்கச்சி போன் செய்தாள். கூடப் பிறந்தவள் இல்லை. நான் ஆய்வு முடித்த துறையில் இப்போது பகுதிநேரமாகப் பதிவு செய்திருக்கிறாள். தலைப்பு முடிவாகிவிட்டது, மதுரைப் பூ வியாபாரிகள் போன் வழியாகப் பணம் வாங்குவதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பது. "திங்கக்கிழமைக்குள்ள மாடல் என்னன்னு கைடு கேக்குறாருக்கா. டாம் எடுக்கட்டா, யூட்டாட் எடுக்கட்டா? இப்ப எல்லாரும் யூட்டாட் ரெண்டுதான் எடுக்குறாங்களாம்." டாம் (TAM), யூட்டாட் (UTAUT) என்பவை, ஒரு தொழில்நுட்பத்தை ஆட்கள் ஏற்பார்களா என்று கேள்வித்தாள் வைத்து அளக்கும் மாடல்கள், யூட்டாட் ரெண்டு என்பது பின்னதன் இரண்டாவது வடிவம். ஒரு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. தொழில்நுட்பத்தை மக்கள் எப்படி ஏற்கிறார்கள் என்று ஆய்வு செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வருஷத்தில் இந்தக் கேள்வியில்தான் முட்டி நிற்கிறார்கள், நானும் நின்றேன், அதனால் மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நாலு வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், ஆனால் நாலும் ஒரே கேள்விக்கான பதில் இல்லை. டாம் கேட்பது, இவர் இதைப் பயன்படுத்த நினைப்பாரா என்று. யூட்டாட்டும் ஏறக்குறைய அதையேதான் கேட்கிறது, கூடவே சுற்றியிருப்பவர்களையும் வசதிகளையும் சேர்த்துக்கொள்கிறது. ரோஜர்ஸின் பரவல் கோட்பாட்டுக்கு ஒரு ஊருக்குள் புதுசு ஒன்று யார் வழியாக, எந்த வேகத்தில் பரவியது என்பதுதான் முக்கியம். பட்டாச்சார்ஜியின் தொடர்பயன்பாட்டு மாடல், ஏற்கெனவே தொடங்கிவிட்டவர் ஏன் தொடர்கிறார், ஏன் விடுகிறார் என்று பார்க்கிறது. யூபிஐ வந்தது 2016-ல், அதே வருஷம் நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின, இன்றைக்கு மாட்டுத்தாவணியில் ஸ்கேன் அட்டை இல்லாத பூக்கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது போய் "இதை ஏற்றுக்கொள்ள எண்ணம் உண்டா" என்று கேட்பது, பந்தி முடிந்து இலை எடுக்கும்போது சாப்பிட வருகிறீர்களா என்று கேட்பது மாதிரி.

சரி, டாமில் இருந்து தொடங்கலாம். பிரெட் டேவிஸ் எம்ஐடியில் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கியது, 1989-ல் எம்ஐஎஸ் குவார்ட்டர்லி இதழில் கட்டுரையாக வந்தது. "இது எனக்குப் பயன்படும்", "இது எனக்கு எளிது" என்ற இரண்டு எண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு கேள்வி, ஏழு படி அளவுகோல். முதல் ஆய்வு ஐபிஎம்மின் டொரண்டோ ஆய்வகத்தில் 112 பேரிடம், அங்கே புழக்கத்தில் இருந்த மின்னஞ்சலையும் ஒரு கோப்புத் திருத்தியையும் பற்றி. இரண்டாவது பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாலை நேர எம்பிஏ படித்த 40 பேரிடம், வரைபட மென்பொருள்கள் இரண்டைப் பற்றி. முதல் ஆய்வில் பயனுக்கும் பயன்பாட்டுக்குமான தொடர்பு 0.63, எளிமைக்கு 0.45. இரண்டாவதில் 0.85, 0.59. அதாவது எளிதாக இருக்கிறதா என்பதைவிட உதவுகிறதா என்பதுதான் அதிகம் பேசியது. இந்தக் கண்டுபிடிப்பு இன்றும் நிற்கிறது, நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த 152 பேர் யார் என்று பாருங்கள். மேசை உண்டு, சம்பளம் உண்டு, அவர்கள் கணக்கு அவர்கள் பெயரில் இருக்கும், ஒரு மென்பொருளைத் தொடுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யலாம். இன்னொன்று, பயன்பாட்டை முதல் ஆய்வில் அவர்களே சொன்னார்கள், இரண்டாவதில் இனிமேல் பயன்படுத்துவோமா என்று அவர்களே கணித்துச் சொன்னார்கள். யாரும் போய் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு கேள்வியைத் தமிழில் கொண்டுவரும்போதுதான் உண்மையான கஷ்டம் தெரியும். பயனுக்கான ஆறில் வேலை வேகமாக முடியும், செயல்திறன் கூடும், உற்பத்தித்திறன் பெருகும், பணியில் பயனுறுதி மேம்படும் என்று நாலு தனித்தனி வாக்கியம் வரும். ஆங்கிலத்திலேயே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பவை, பூ மார்க்கெட்டில் நாலும் ஒரே கேள்வி: "இதுனால யாவாரம் நல்லா நடக்குமா?" நாலு தடவை கேட்டால் நாலு தடவையும் ஒரே பதில்தான் வரும், அப்புறம் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் குரோன்பாக் ஆல்பா 0.9-க்கு மேல் போகும், கைடு சந்தோஷப்படுவார். அது அளவுகோலின் நம்பகத்தன்மை இல்லை, ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டதன் விளைவு. எளிமைப் பக்கத்தில் "இந்த அமைப்போடு நெகிழ்வாக ஊடாட முடிகிறது" என்று ஒரு வரி உண்டு. பிரிஸ்லின் 1970-ல் சொன்ன முறைப்படி தமிழுக்கு மாற்றி, வேறு ஒருவரை வைத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தேன், அழகாகப் பொருந்தியது. நாலு கிலோ மல்லியை நிறுத்துக்கொண்டிருக்கும் ஆளிடம் படித்துக் காட்டியபோது அவர் தராசை விட்டுத் தலையைத் தூக்கி, "என்னது?" என்றார்.

என் ஆய்வில் நான் வாங்கியது 384 கேள்வித்தாள். ஏன் 384? எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று கிரெஜ்சியும் மார்கனும் 1970-ல் போட்ட அட்டவணையில் பெரிய மக்கள்தொகைக்கு அந்த எண்தான் வரும், அதனால் எங்கள் நூலகத்தில் இருந்த ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் 384 பேர்தான். அந்த அட்டவணை குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்கு என்பதை அப்போது எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை, நானும் யார் கண்ணில் பட்டார்களோ அவர்களிடம்தான் நீட்டினேன்.

அதில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். விடிகாலை ஐந்து மணி, சில்லறைக்கு உதிரி மல்லியும் கட்டிய சரமும் வைத்திருந்த அம்மா, அறுபதுக்கு மேல் வயது. மூன்று கேள்விக்குப் பதில் சொன்னவர் நாலாவதில், "எல்லாத்துக்கும் நல்லதாவே போட்டுக்க தாயி, நீ படிக்கிற பிள்ள" என்றார். போட்டுக்கொண்டேன், எல்லாம் ஐந்துக்கு ஐந்து. எழுந்திருக்கும்போது கால் கிலோ மல்லி வாங்கி, ஸ்கேன் பண்ண போனை எடுத்தால் அட்டையைக் காணோம். ஈரச் சாக்குக்கு அடியில் குப்புறக் கிடந்தது. "காசா இருந்தா குடு தாயி." ஏன் என்று கேட்டேன். அட்டை மகன் கணக்கில் எடுத்தது, மகன் திருப்பூரில். ஸ்கேன் பண்ணினால் பணம் அவன் கைக்குப் போகும், இவர் கைக்கு வர அவன் ஊருக்கு வர வேண்டும். "பொழுது சாயத் தண்டல்காரரு வந்து நிப்பாரு, கமிஷன் கடைக்கு நாளைக்குக் காலையில குடுக்கணும், நான் எதை எடுத்துக் குடுக்க?" என் கேள்வித்தாளில் அவர் போன் பணத்தை முழுமனதோடு ஏற்றுக்கொண்ட ஆள். கடையில் அவர் அதை நிறுத்திவிட்டார். இரண்டும் ஒரே காலை, ஒரே இடம்.

இனி ஒவ்வொரு மாடலையும் இந்த அம்மாவை வைத்துத்தான் எடைபோடுகிறேன். டாம் அவரைப் பார்க்கவே பார்க்காது, பயன் தெரியும் என்பார், எளிது என்பார், முடிந்தது.

யூட்டாட் கொஞ்சம் மேல். விஸ்வநாத் வெங்கடேஷும் மற்ற மூவரும் 2003-ல் எட்டுப் பழைய மாடல்களை எடுத்து ஒன்றாக்கினார்கள். செயல்பயன் எதிர்பார்ப்பு, முயற்சி எதிர்பார்ப்பு, சமூகத் தாக்கம், உதவும் சூழல் என்று நாலு காரணி, அவற்றோடு பாலினம், வயது, அனுபவம், விருப்பமா கட்டாயமா என்ற நாலும் ஊடே நின்று தாக்கத்தைக் கூட்டிக் குறைக்கும். பழைய மாடல்கள், பயன்படுத்தும் எண்ணம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் 17-இல் இருந்து 53 விழுக்காடு வரை விளக்கின, இது 70 வரை போனது. இந்த 70-ஐக் காட்டித்தான் எல்லாரும் யூட்டாட்டை எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வு எப்படி நடந்தது என்பதை யாரும் எடுப்பதில்லை: நாலு நிறுவனங்களில், ஆறு மாத காலத்தில், மூன்று முறை அளந்தார்கள், பயன்பாட்டை ஆட்களிடம் கேட்காமல் கணினியில் பதிவானதை எடுத்தார்கள், பிறகு வேறு இரண்டு நிறுவனங்களில் சரிபார்த்தார்கள். நாம் அதே கேள்விகளை ஒரு கூகுள் படிவத்தில் போட்டு, வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே ஒரு தடவை அனுப்பிவிட்டு அதே பெயரை வைக்கிறோம். ஒரே ஆள், ஒரே படிவத்தில், ஒரே மனநிலையில் காரணத்தையும் விளைவையும் சொன்னால் இரண்டுக்கும் தொடர்பு வராமல் எப்படி இருக்கும்?

உதவும் சூழலுக்கான கேள்வி, தேவையான வசதிகள் உங்களிடம் உள்ளனவா என்பது. அந்த அம்மா உண்டு என்பார், போன் இருக்கிறது, அட்டை இருக்கிறது. கணக்கு யார் பெயரில் என்று அதில் கேள்வியே கிடையாது. நீங்கள் யூட்டாட் எடுத்தே தீர வேண்டும் என்றால் அந்த ஒரு கேள்வியையாவது சேருங்கள்.

விருப்பமா கட்டாயமா என்பதையும் நம் ஊரில் சும்மா ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 2017-ல் ரேஷன் கடைகளில் ஸ்மார்ட் கார்டு வந்தது, பில் போட மெஷின் வந்தது. அந்தக் கடைக்காரரிடம் போய் "இதைத் தொடர்ந்து பயன்படுத்த எண்ணமா" என்று ஏழு படியில் கேட்டால் அவர் என்ன சொல்வார், மெஷின் இல்லாமல் அவரால் ஒரு கிலோ சீனி போட முடியாது. வெங்கடேஷும் டேவிஸும் 2000-த்தில் எழுதிய டாம்-2 இதைத்தான் காட்டியது: மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணம் கட்டாயமான இடத்தில்தான் ஆளை நேரடியாக நகர்த்துகிறது, அதுவும் பழகப் பழகக் குறைகிறது. கட்டாயமான இடத்தில் எண்ணத்தைக் கேட்காதீர்கள், எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேளுங்கள். கைரேகை விழாதபோது என்ன செய்கிறார், நெட் போனால் வரிசையில் நிற்பவர்களிடம் என்ன சொல்கிறார், அதுதான் அங்கே ஆய்வு.

யூட்டாட்-2 (2012) நுகர்வோருக்காக எழுதியது, ஹாங்காங்கில் கைபேசி இணையம் பயன்படுத்திய 1,512 பேர், பயன்பாட்டை நாலு மாதம் கழித்துக் கேட்டார்கள். மகிழ்ச்சி, விலைக்கேற்ற மதிப்பு, பழக்கம் என்று மூன்றைச் சேர்த்தார்கள். பழக்கம் என்பது நல்ல சேர்க்கை. ஆனால் விலை? 2020 ஜனவரியில் இருந்து, வங்கிக் கணக்கில் இருந்து வரும் யூபிஐ பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் கிடையாது, அவர்கள் மாதாமாதம் கொடுப்பது அந்த "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தும் பெட்டிக்கான வாடகைதான், ஆகவே அந்தக் கேள்விகளைப் பெட்டிக்கு மாற்றி எழுதாமல் அப்படியே எடுத்தால் அர்த்தமில்லை. மகிழ்ச்சியைப் பூ மார்க்கெட்டில் கேட்கவே வேண்டாம்.

அடுத்து ரோஜர்ஸ். இவரை நம் வணிகத் துறைகளில் பழசு என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. புத்தகம் 1962, வேர் அதற்கும் முந்தியது: ரயனும் கிராஸும் அயோவாவில் 259 விவசாயிகளிடம் வீரிய மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று கேட்டு 1943-ல் எழுதினார்கள். 1928-க்கும் 1941-க்கும் நடுவே இருவரைத் தவிர எல்லாரும் மாறியிருந்தார்கள். விதை நல்லது என்று விற்பனையாள் சொன்னதை வைத்துக் கேள்விப்பட்டார்கள், பக்கத்து வயல்காரர் சொன்ன பிறகுதான் விதைத்தார்கள். ஒப்பீட்டு ஆதாயம், பொருத்தம், சிக்கல், சோதித்துப் பார்க்க முடிவது, கண்ணுக்குத் தெரிவது என்று ரோஜர்ஸ் சொன்ன ஐந்தில் "பொருத்தம்" இருக்கிறதே, அது அந்த அம்மாவைப் பிடித்துவிடும். அன்றன்று வாங்கி, அன்றன்று விற்று, அன்றன்று கடன் கட்டும் வாழ்க்கைக்கு, மகன் ஊருக்கு வந்தால்தான் கைக்குக் கிடைக்கும் பணம் பொருந்தவில்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது, இங்கே ஆய்வு செய்கிறவர்களில் பலர் அதைப் படிப்பதில்லை. 2001-ல் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் சாரி என்ற திட்டத்தில் இணைய மையங்கள் திறந்தார்கள். சென்னை ஐஐடியின் கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பு, ஹார்வர்டும் எம்ஐடியும் கூட. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முதியோர் உதவித்தொகை மனுவும் அங்கிருந்தே அனுப்பலாம், கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பலாம். ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் இதை ரோஜர்ஸ் வழியில் பார்த்தார்கள். கிராமத்தில் சிறு பகுதியினர்தான் வந்தார்கள், பெரும்பாலும் இளவயது ஆண்கள், மாணவர்கள், படிப்பும் வசதியும் கொஞ்சம் கூடியவர்கள். ஒடுக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்குப் பக்கத்தில் மையம் இருந்தால் அவர்களும் வந்தார்கள். அதாவது "எளிது", "பயன்" என்பதற்கு முன்னால் மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது முடிவு செய்துவிட்டது. அரசுச் சான்றுகள் கொஞ்ச காலம் நன்றாக ஓடி, அலுவலகத்தில் ஆதரவு குறைந்ததும் படுத்துவிட்டன. 2005-க்குள் பல மையங்கள் மூடிவிட்டன. மக்களின் எண்ணத்தை எத்தனை படியில் அளந்திருந்தாலும் இது எதுவும் தெரிந்திருக்காது. கோளாறு எண்ணத்தில் இல்லையே.

பட்டாச்சார்ஜி 2001-ல் எழுதியது இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்தியவர்களை வைத்து. எதிர்பார்த்தது நடந்ததா, அதனால் திருப்தியா, பயன் தெரிகிறதா, இவைதான் தொடர்வதை முடிவு செய்கின்றன, திருப்தி எல்லாவற்றிலும் வலுவாக நின்றது. தொடங்குவதும் தொடர்வதும் வேறு வேறு முடிவுகள் என்று பிரித்துக் காட்டியதுதான் இதன் பெருமை. எல்லாரும் தொடங்கிவிட்ட மார்க்கெட்டுக்கு நாலு மாடல்களில் இதுதான் சரியான இடத்தில் நிற்கிறது. குறை என்னவென்றால் இதுவும் தொடரும் எண்ணத்தைத்தான் அளக்கிறது.

அதனால்தான் மார்க்கெட்டில் போய் உட்காரச் சொல்கிறேன். மாடல் இல்லாமல் என்ன ஆய்வு என்பார்கள். வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி 1992-ல் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தில் லோட்டஸ் நோட்ஸ் வந்ததைக் கூடவே இருந்து பார்த்து எழுதினார். தெரிந்ததை எல்லாரும் பகிர வேண்டும் என்று வாங்கிய மென்பொருள், ஆனால் தனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பதவி உயர்வு, பிறகு யார் பகிர்வார்கள்? மென்பொருள் எளிதா என்ற கேள்வி அங்கே பக்கத்தில்கூட வரவில்லை. ஈரச் சாக்குக்கு அடியில் கிடந்த அட்டையும் அதே வகை.

இதன் விலையும் சொல்ல வேண்டும். மாசக்கணக்கில் விடிகாலையில் எழ வேண்டும், முகூர்த்த நாளில் உங்களோடு பேச யாருக்கும் நேரம் இருக்காது, அந்த நாளில்தான் பார்க்க வேண்டியது நிறைய இருக்கும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் "முப்பது கடையை வைத்து எப்படிப் பொதுவாகச் சொல்வாய்" என்று ஒருவராவது கேட்பார். 384 பேரை வைத்தும் பொதுவாகச் சொல்ல முடியாதே என்பது சரியான பதில்தான், ஆனால் அதை அங்கே சொல்ல உங்கள் கைடு பக்கத்தில் நிற்க வேண்டும். இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆகவே, இரண்டு மாத எம்பிஏ பிராஜெக்ட், ஒரு அலுவலகத்தில் புது மென்பொருள், ஆட்களுக்கு அதை விடவும் எடுக்கவும் உரிமை உண்டு என்றால் டாம் போதும், கேள்விகளை மட்டும் ஆறில் இருந்து உண்மையில் வேறுபடும் இரண்டு மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி, மருத்துவமனை மாதிரி இடம், பதிவுகளைப் பார்க்க அனுமதி கிடைக்கும், இரண்டு மூன்று தடவை போக முடியும் என்றால் யூட்டாட். கிராமம், தெரு, சாதி, உறவு என்று பரவும் விஷயம் என்றால் ரோஜர்ஸ். தங்கச்சியின் பூ மார்க்கெட்டுக்கு பட்டாச்சார்ஜியைச் சட்டகமாக வைத்து, முப்பது கடை, ஆறு மாதம், மாதம் ஒரு தடவை அதே கடைக்குப் போவது. சம்மதம் சொல்கிறவர்களிடம் மட்டும் போன் வரவுகள் எத்தனை என்ற எண்ணிக்கையை அவர்களே பார்த்துச் சொல்லக் கேட்பது, தொகையைக் கேட்காமல், பெயரை எழுதாமல். கணக்கு யார் பெயரில் என்பது முதல் கேள்வி.

திங்கட்கிழமை கைடு அரை மனதோடு சரி என்றாராம், நூறு பேரிடம் சின்னக் கேள்வித்தாளும் வேண்டும் என்ற நிபந்தனையோடு. பரவாயில்லை. புதன்கிழமை விடிகாலை அவள் முதல் தடவை போய்விட்டு நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். முப்பது கடையில் எட்டில் அட்டை வேறு ஆள் பெயரில், மகன், மருமகன், ஒரு இடத்தில் பக்கத்துக் கடைக்காரர். கீழே பென்சிலில் ஒரு வரி: "பக்கத்துக் கடைக்காரர் சாயந்தரம் ரூபாயாகத் தருகிறார், கமிஷன் எடுப்பதில்லை, ஏன் என்று அடுத்த மாதம் கேட்க வேண்டும்."